செயினைத் தலைமுழுக வழி உண்டா? தினமும் ஓட்டும் சைக்கிளுக்கு மாற்று தேடுகிறேன்

கறுப்புக்கால் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேலைக்குப் போக வர தினமும் 22 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வெயில், மழை, புழுதி எதுவானாலும் இதே வண்டிதான். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 7 கியர் டீரெய்லர் (செயினைப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளி கியர் மாற்றும் கருவி). வண்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, செயினைத் தவிர.

மழையில் நனைந்து வந்து இரவு அப்படியே நிறுத்தினால் காலையில் செயின் முழுக்க செங்கல்பொடி தூவியது போலத் துரு. எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டி மை மாதிரி ஆகிவிடுகிறது. விடாமல் இருந்தால் கீச்கீச்சென்று தெருவே திரும்பிப் பார்க்கிறது. வலது கணுக்காலுக்கு மேல் பேன்டில் பல் பல்லாக ஒரு கறுப்பு முத்திரை எப்போதும் இருக்கும். போன வாரம் மேட்டில் கியர் மாற்றும்போது செயின் கழன்று, ஃபிரேமுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்துப் போட்டுவிட்டு, துடைக்க ஒன்றும் இல்லாமல் ஓரத்துப் புல்லில் கையைத் தேய்த்துவிட்டுப் போனேன். அன்றைக்குப் பார்த்து முதல்முறை சந்திக்கும் ஆறு பேரிடம் கைகுலுக்க வேண்டியதாயிற்று.

பெல்ட் என்கிறார்கள், ஷாஃப்ட் என்கிறார்கள். இரண்டையும் நான் ஓட்டியதில்லை. வேறு ஏதாவது இருக்கிறதா? வேகம் எனக்கு முக்கியமில்லை. வாரா வாரம் துடைத்து எண்ணெய் விடும் வேலை ஒழிந்தால் போதும்.

கிரீஸ்கை

மாற்று இருக்கட்டும். அந்தச் செயின் போட்டு எத்தனை கிலோமீட்டர் ஆகிறது? அளந்து பார்த்தீர்களா?

ஒரு ஸ்கேலை எடுங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் வைத்து, அங்கிருந்து 24 பின் தள்ளிப் பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலம், ஏனென்றால் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். 24ஆவது பின் 12 அங்குலத்தைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 அங்குலம் போயிருந்தால் செயினோடு பின் பல்சக்கரமும் போச்சு. செயின் ரப்பர் மாதிரி நீள்வதில்லை. உள்ளே பின் தேய்கிறது, அந்தத் தேய்மானம் 24 இடத்தில் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உங்கள் செயின் கழன்றதற்குக்கூட அது காரணமாக இருக்கலாம். தேய்ந்த செயினை வைத்துக்கொண்டு செயின் இனமே மோசம் என்று சொன்னால் எப்படி?

பட்டைவண்டி

ஆறு வருடமாக பெல்ட் வண்டி ஓட்டுகிறேன். என்னிடம் கேட்டால் இந்த இழையை இங்கேயே முடித்துவிடலாம்.

முதலில் அது என்ன என்று சொல்கிறேன், பலர் மாவு மெஷினில் ஓடும் ரப்பர் பட்டையை நினைத்துக்கொள்கிறார்கள். சைக்கிள் பெல்ட்டுக்குப் பல் உண்டு. இப்போது அதிகம் புழங்கும் கேட்ஸ் கம்பெனி பெல்ட்டில் பல்லுக்குப் பல் 11 மில்லிமீட்டர். உடம்பு பாலியூரித்தேன், உள்ளே நீளவாக்கில் கார்பன் ஃபைபர் இழைகள். அந்த இழைகள்தான் இழுவையைத் தாங்குகின்றன. கிட்டத்தட்ட நீளுவதே கிடையாது. பெல்ட்டின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும், பல்சக்கரத்தின் நடுவில் அதற்கேற்ற மேடு இருக்கும். அதனால் பக்கவாட்டில் நழுவாது.

இது புது வித்தையும் இல்லை. ஹார்லி டேவிட்சன் 1980லேயே மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பெல்ட்டால் ஓட்டியது. 1987இல் வந்த ஸ்ட்ரைடா மடக்கு சைக்கிளும் பெல்ட்தான்.

என் அனுபவம்: எண்ணெய் கிடையாது. துரு கிடையாது. சத்தம் கிடையாது. முதல் ஒரு வாரம் பெடல் சுழல்வதே காதில் விழாமல் ஏதோ அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை குனிந்து பார்த்தேன். வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டு போகிறேன். சேறானால் தண்ணீர் ஊற்றி பழைய பல்துலக்கும் பிரஷால் ஒரு தேய். கடும் புழுதிக் காலத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அதற்குக் கொஞ்சம் சிலிகான் ஸ்பிரே, அவ்வளவே. முதல் பெல்ட் 21,000 கிலோமீட்டர் ஓடியது. அதே ரோட்டில், அதே நான், பழைய செயின் வண்டியில் 4000க்கு ஒரு செயின் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கிரீஸ்கை

பட்டைவண்டி சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் நிறைய.

செயினை ஒரு பின் தட்டினால் கழற்றலாம். பெல்ட் ஒரே வளையம். பின் ஃபோர்க்கின் முக்கோணத்துக்குள் அதை எப்படி நுழைப்பீர்கள்? பெல்ட்டுக்கென்று செய்த ஃபிரேமில் வலது பக்கம், அச்சு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், திறந்து மூடும் ஒரு வெட்டு இருக்கும். சாதாரண ஃபிரேமில் அது கிடையாது. நடுவில் பிரித்து மறுபடி பூட்டும் பெல்ட்டும் இருக்கிறது, ஆனால் அது தனிப் பாதை.

அடுத்தது கியர். டீரெய்லர் வேலை செய்வதே செயின் பக்கவாட்டில் வளைவதால்தான். பெல்ட் அப்படி வளையாது, முன் பின் பல்சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஆகவே ஒற்றை கியர், இல்லையென்றால் ஹப்புக்குள், அதாவது பின்சக்கரத்தின் நடு உருளைக்குள் கியர், அதுவும் இல்லையென்றால் பெடலுக்கு நடுவில் கியர்பெட்டி. மூன்றில் ஒன்று.

பெல்ட் நீளமும் கடையில் குறிப்பிட்ட பல் எண்ணிக்கைகளில்தான் வரும். மேடு ஏறக் கஷ்டமாக இருக்கிறது, பின்னால் இரண்டு பல் கூட்டலாம் என்றால், சில சமயம் பெல்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். செயினாக இருந்தால் இரண்டு கண்ணி சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

என் கண்முன்னால் நடந்தது ஒன்று. நண்பர் ஒருவர் பஞ்சர் ஒட்டிவிட்டு, செயின் போடுகிற பழக்கத்தில் பெல்ட்டைப் பல்சக்கர விளிம்பில் பாதி மாட்டி, பெடலைச் சுற்றி ஏற்றினார். ஏறிவிட்டது. நான் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் ‘பாத்தியா, எவ்வளவு சுலபம்!’ என்றார். பார்த்தால் ஒன்றுமே ஆகாத மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு மேட்டில், எழுந்து நின்று மிதிக்கும்போது பட்டென்று இரண்டாகப் போனது. கார்பன் இழை இழுவைக்கு யானை, மடிப்புக்குக் கண்ணாடி. ஒரு முறை கூர்மையாக மடித்தாலோ முறுக்கினாலோ உள்ளே ஒடிந்துவிடும், வெளியே தெரியாது.

கறுப்புக்கால்

அப்படி நடுவழியில் அறுந்தால்?

பட்டைவண்டி

தள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான், ஒளிக்க மாட்டேன். நீண்ட பயணம் போகிறவர்கள் மாற்று பெல்ட் ஒன்றைச் சரியான முறையில் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். ஆனால் கிரீஸ்கை அண்ணனின் நண்பர் செய்தது பெல்ட்டின் குற்றமா? பின்சக்கரத்தைத் தளர்த்தி, பெல்ட்டைப் போட்டு, பிறகு இழுத்து டைட் வைக்க வேண்டும். டைட் பார்க்கக் கருவிகூட வேண்டாம். வீணைத் தந்தி மாதிரி பெல்ட்டைத் தட்டினால் ஒரு ஒலி வரும், கைப்பேசிச் செயலி அந்த அதிர்வெண்ணைக் கேட்டு எண்ணாகச் சொல்லிவிடும். ஹப் கியருக்குக் குறைவாக, ஒற்றை கியருக்குக் கூடுதலாக வைப்பது வழக்கம். லூசாக இருந்தால் அழுத்தி மிதிக்கும்போது பல் தாவும். ரொம்ப டைட்டாக இருந்தால் பேரிங் அழும்.

பல்கணக்கு

டைட் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பெல்ட்டுக்கு முன்கூட்டியே கொடுக்கும் இழுவைதான் அதன் உராய்வில் பெரிய பங்கு. அந்த இழப்பு நீங்கள் மெதுவாக மிதித்தாலும் வேகமாக மிதித்தாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். செயினின் கீழ்ப்பக்கம் தொய்வாகவே ஓடுவதால் அதற்கு இந்தச் சுமை இல்லை. ஆக, நிதானமாக ஓட்டுகிறவருக்குச் சுத்தமான, எண்ணெய் விட்ட செயின் ஒரு மயிரிழை முன்னால் நிற்கும். நல்ல செயின் 100 வாட்டில் 97, 98 வாட்டைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும். வேலைக்குப் போகிறவர் மிதிப்பதே கிட்டத்தட்ட 100 வாட். வித்தியாசம் ஒன்றோ இரண்டோ வாட். டயரில் காற்று குறைந்திருந்தால் அதைவிட அதிகம் போகும்.

‘சுத்தமான’ என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். இழையைத் தொடங்கியவரின் செயின் அந்த வகையில் வராது. துருப்பிடித்த செயினோடு ஒப்பிட்டால் பெல்ட் ஜெயித்துவிடும்.

காற்றாடி_7

ஷாஃப்ட் ஏன் யாரும் பேசவில்லை? மூடிய குழாய்க்குள் தண்டு, இரண்டு பக்கமும் பல்சக்கரம். கார், லாரியெல்லாம் அதில்தானே ஓடுகிறது. தண்ணீர் படாது, புழுதி படாது, கழலாது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

பல்கணக்கு

எனக்கும் காகிதத்தில் பிடித்தது ஷாஃப்ட்தான். ஆனால் கணக்குப் போட்டதும் ஆசை குறைந்துவிட்டது. பொறுமையிருந்தால் படியுங்கள்.

70 கிலோ ஆள் பெடலில் ஏறி நிற்கிறார். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, நீளம் 17 சென்டிமீட்டர். முறுக்குவிசை 117 நியூட்டன் மீட்டர் சுமார். முன் பல்சக்கரத்துக்கு 44 பல் என்றால் அதன் ஆரம் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. செயினில் வரும் இழுவை 1300 நியூட்டன், அதாவது சுமார் 134 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. அந்த இழுவையைப் பல்சக்கரத்தில் சுற்றியிருக்கும் பல பற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இப்போது ஷாஃப்ட். பெடல் அச்சில் இருக்கும் பெவல் கியர் (சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்பும் சாய்ந்த பல்சக்கரம்) கால் இடிக்காத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ஆரம் 4 சென்டிமீட்டர் என்று வைப்போம். அதே முறுக்குவிசை, பாதிக்கும் குறைவான ஆரம். பல்லில் வரும் விசை 2900 நியூட்டனைத் தாண்டுகிறது, 300 கிலோ. அதைத் தாங்குவது ஒன்றோ இரண்டோ பல். அதோடு சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்தத் தள்ளலில் ஃபிரேம் மயிரளவு நெளிந்தாலும் பல் நுனியில் மட்டும் தொடும், தேயும், ஒருநாள் தாவும். இதைத் தடுக்க உறையைக் கனமாகவும் விறைப்பாகவும் செய்ய வேண்டும், எடை ஏறும். விசை இரண்டு முறை செங்கோணமாகத் திரும்புவதால் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு மூன்று சதவீதம் போகும்.

காரில் ஏன் சரியாக இருக்கிறது? காரில் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிறது, எடையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சைக்கிள் மிதிப்பது நிமிடத்துக்கு 60, 70 சுற்று. குறைந்த சுற்று, பெரிய முறுக்கு. கியர் பற்களுக்கு இதைவிடப் பகை வேறில்லை.

காற்றாடி_7

சரி, சரி. காகிதத்தைக் கிழித்துவிட்டீர்கள். ஆனால் ஓடிய வண்டிகள் உண்டே?

பழையவண்டி

உண்டு, அதுவும் நூறு வருடத்துக்கு முன்பே. 1890களின் கடைசியில் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி ‘செயின் இல்லாத சைக்கிள்’ என்றே விளம்பரம் செய்து பெவல் கியர் வண்டி விற்றது. பிரான்சில் அகாத்தேன் என்று ஒன்று, அந்தப் பெயருக்கே செயின் இல்லாதது என்றுதான் அர்த்தம். அப்போது செயின் திறந்து கிடக்கும், நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்கு அது பெரிய தொல்லை. உங்கள் பேன்ட் பிரச்சினைக்கு வயது நூறுக்கு மேல், தம்பி. ஆனால் அதற்குள் ரோலர் செயின் மலிவாகவும் நன்றாகவும் ஆகிவிட்டது (ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் செய்த வடிவம்தான் இன்றைக்கும் ஓடுகிறது). செயின் இல்லாத வண்டிக்கு எடை அதிகம், விலை அதிகம். மெல்ல மறைந்துபோனது.

நம் காலத்தில் 2016இல் சீனாவில் மோபைக் வாடகை சைக்கிள் தெருவுக்கு வந்தபோது முதல் மாடலுக்கு ஷாஃப்ட்தான். யாரும் எண்ணெய் விடப் போவதில்லை, கண்டவர் கண்டபடி போட்டு மிதிப்பார்கள், ஆகவே மூடிய ஷாஃப்ட், காற்றில்லாத டயர். காரணம் புரிகிறது. மிதித்தவர்கள் கனமாக இருக்கிறது என்று புலம்பியதும் புரிகிறது. 2018இல் செராமிக்ஸ்பீடு கம்பெனி ஒரு ஷாஃப்ட்டைக் காட்சிக்கு வைத்தது, பற்களுக்குப் பதில் குட்டிக் குட்டி பேரிங்குகள் தட்டையான ஒரு பல்தட்டில் உருளும். 99 சதவீதத் திறன் என்றார்கள். பார்க்க நகை மாதிரி இருந்தது. மழையில் வேலைக்குப் போகிற வண்டியில் அந்தத் திறந்த பேரிங்குகளை நினைத்துப் பாருங்கள்.

இன்னும் வேண்டுமா? கயிறு கட்டிய சைக்கிளும் உண்டு. 2010இல் ஹங்கேரிக்காரர்கள் ஸ்ட்ரிங்பைக் என்று செய்தார்கள். இரண்டு பக்கமும் கயிறு, மாறி மாறி இழுக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம், வேலைக்கு எடுத்துப் போகத் தோன்றாது. 1880களின் அமெரிக்கன் ஸ்டார் வண்டியில் பெடலைச் சுற்றவே வேண்டாம், தையல் மெஷின் மாதிரி மேலும் கீழும் மிதித்தால் போதும்.

சும்மாஒருத்தன்

கயிறா! ஈரமானால் துணியும் காயப்போடலாம் போல.

மின்மிதி

ஒரே ஒரு வகையை விட்டுவிட்டீர்கள். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத வண்டி. பெடல் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், மின்சாரம் கம்பி வழியாகச் சக்கரத்தில் இருக்கும் மோட்டாருக்குப் போகும். 2021இல் ஷேஃப்லர், ஹைன்ஸ்மான் இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஃப்ரீ டிரைவ் என்று காட்டினார்கள். காலுக்கு எவ்வளவு கனம் தெரிய வேண்டும் என்பதைக்கூட மென்பொருள்தான் முடிவு செய்யும். நான்கு சக்கரச் சரக்கு சைக்கிளில் அர்த்தமுள்ளது, ஏனென்றால் அவ்வளவு நீளத்துக்குச் செயின் இழுப்பதே அவஸ்தை.

பல்கணக்கு

சரக்கு வண்டிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஜெனரேட்டர் 90 சதவீதம், மின்னணு 95, மோட்டார் 85 என்று தாராளமாகவே வைத்தாலும் பெருக்கினால் 73தான் வருகிறது. நான்கில் ஒரு மிதி வெறும் சூடாகப் போகிறது. பேட்டரி துணைக்கு இருந்தால் உறைக்காது. கால் மட்டும்தான் என்றால் உறைக்கும்.

மூன்றுகியர்

நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன். எல்லோரும் செயினைத் தூக்கி எறிவதைப் பற்றியே பேசுகிறீர்கள். செயினை மூடி வைப்பது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கறுப்புக்கால், உங்கள் குறைப் பட்டியலை மறுபடி படித்துப் பார்த்தேன். துரு, புழுதி, கறை, கழல்வது. முதல் மூன்றும் செயின் திறந்து கிடப்பதால் வருவது. நான்காவது டீரெய்லரால் வருவது. செயின் என்கிற பொருளின் மேல் ஒரு புகாரும் இல்லை!

நான் ஒன்பது வருடமாக ஓட்டும் வண்டிக்கு 3 கியர் ஹப், செயினை முழுக்க மூடிய பெட்டி. நெதர்லாந்தில் தெருவெல்லாம் நிற்குமே, அந்த மாதிரி. இங்கிலாந்தில் சன்பீம் சைக்கிளில் ஒரு காலத்தில் செயின் எண்ணெயில் குளித்துக்கொண்டே ஓடும் பெட்டியே வைத்தார்கள். என்னுடையது அவ்வளவு ஆடம்பரமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை மூடியைத் திறந்து சில சொட்டு எண்ணெய். போன முறை திறந்தபோது செயின் பழுப்பாகக்கூட இல்லை, வெள்ளிக்கொலுசு மாதிரி இருந்தது. அதே செயின் 14,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அளந்ததில் 1/16 அங்குலத்தைத் தொடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. டீரெய்லர் செயின் குறுகலானது, பக்கவாட்டில் நெளிய வேண்டியது, கோணலாக ஓடுவது. ஹப் கியருக்குப் போடுவது 1/8 அங்குல அகலச் செயின், நேர்க்கோட்டில் ஓடும். தடிமனும் நேர்மையும் சேர்ந்தால் ஆயுள் கூடாமல் என்ன செய்யும்?

பட்டைவண்டி

பஞ்சர் ஆனால் அந்தப் பெட்டியைக் கழற்றி, கியர் கேபிளைக் கழற்றி, சக்கரத்தைக் கழற்றி... அரை நாள் போகுமே.

மூன்றுகியர்

யார் சக்கரத்தைக் கழற்றச் சொன்னது? வண்டியைப் படுக்கவைத்து, இடது பக்கம் டயரின் ஒரு விளிம்பை மட்டும் வெளியே எடுத்து, ட்யூபை ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் இழுத்து, ஒட்டி, உள்ளே தள்ளி, காற்றடித்துவிட்டுப் போவேன். ஒரு நட்டைக்கூடத் தொடுவதில்லை. ஒன்பது வருடத்தில் பின்சக்கரத்தை முழுசாகக் கழற்றியது டயர் மாற்ற மட்டும்தான். உங்கள் பெல்ட் வண்டிக்கும் இந்த வழி பொருந்தும், செய்து பாருங்கள்.

பட்டைவண்டி

இது தெரியாமல் ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். நன்றி.

கறுப்புக்கால்

மூன்று கியர் போதுமா? என் வழியில் ஒரு பாலம் ஏறி இறங்க வேண்டும். 7 கியர் பழகிவிட்டது.

மூன்றுகியர்

உங்கள் பின் பல்சக்கரத்தில் சின்னதும் பெரியதும் எத்தனை பல்?

கறுப்புக்கால்

14, 28.

மூன்றுகியர்

அப்படியானால் உங்கள் ஏழு கியரின் மொத்த வீச்சு இரண்டு மடங்கு, 200 சதவீதம். ஸ்டர்மி ஆர்ச்சர் வகை 3 கியரில் நடுக் கியர் நேரடி, கீழ்க் கியர் அதில் 75 சதவீதம், மேல் கியர் 133. வீச்சு 178 சதவீதம். கிட்டத்தட்ட அதே. நடுவில் படிகள் பெரிதாக இருக்கும், அவ்வளவே. ஒரு பாலத்துக்கு இது தாராளம். சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம் என்பது கூடுதல் சுகம், டீரெய்லரில் அது முடியாது. மேடு அதிகம் என்றால் 8 கியர் ஹப் இருக்கிறது, ஷிமானோ நெக்ஸஸ் 307 சதவீதம். ரோலாஃப் 14 கியர் ஹப் 526. பெடலுக்கு நடுவில் உட்காரும் பினியன் கியர்பெட்டி 636 வரை போகும். மலை ஏறுகிறவர்களுக்கு.

பழைய 3 கியர் ஹப்பில் ஒரு குசும்பு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேபிள் சரியாக இல்லையென்றால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு வெற்றிடத்தில் போய் நிற்கும். பெடல் திடீரென்று காற்றில் சுற்றும். நின்று மிதிக்கும்போது நடந்தால் முட்டி பத்திரம்.

கிரீஸ்கை

இப்போதுதான் பேச்சு தரையில் இறங்கியிருக்கிறது. பெல்ட் வேண்டுமென்றால் பெல்ட்டுக்குப் பிறந்த வண்டியை வாங்குங்கள், நானே வாழ்த்தி அனுப்புகிறேன். மோட்டார் வைத்த வண்டி என்றால் இன்னும் நல்லது, மோட்டார் செயினைத் தின்றுவிடும். இருக்கிற வண்டியை பெல்ட்டாக்குகிறேன் என்று ஃபிரேமை அறுக்கக் கிளம்பாதீர்கள். நான் அறுத்துத் தர மாட்டேன்.

ஹப் கியர் என்றால் பராமரிப்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அந்த 14 கியர் ஹப்புக்கே 5000 கிலோமீட்டருக்கோ வருடத்துக்கோ ஒரு முறை எண்ணெய் மாற்றச் சொல்லித்தான் தயாரித்தவர்கள் கொடுக்கிறார்கள்.

கறுப்புக்கால், வண்டிக்குப் பின்னால் போய்க் குந்துங்கள். பின் அச்சு உட்காரும் வெட்டு நேர்க் கீழாக இருக்கிறதா, முன்பக்கமாகச் சாய்வாகவோ படுக்கையாகவோ நீண்டிருக்கிறதா? டீரெய்லர் போனால் செயின் தொய்வை எடுக்க ஆள் இல்லை. வெட்டு நீளமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து டைட் வைக்கலாம். நேர்க் கீழ் வெட்டு என்றால் டைட் வைக்கத் தனியாக ஒரு கை மாட்ட வேண்டும், அதை வைத்துக்கொண்டு முழுப் பெட்டி போட முடியாது. எல்லாம் அந்த மூன்று சென்டிமீட்டர் இரும்பில் இருக்கிறது.

மெழுகுவர்த்தி

செயினைக் கழற்றி உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுங்கள். கையில் ஒட்டாது, புழுதி ஒட்டாது. நான் அப்படித்தான்.

கிரீஸ்கை

கோடையில் பிரமாதம். அவர் மழையிலும் ஓட்டுகிறார். நனைந்த இரண்டாம் நாள் மறுபடி அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வேலை வேண்டாம் என்று வந்தவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

கறுப்புக்கால்

அளந்தேன். 24ஆவது பின் 12 அங்குலத்தைத் தாண்டி, 1/8ஐயும் தாண்டி நிற்கிறது. கிரீஸ்கை அண்ணே, ஒன்றும் சொல்லாதீர்கள். பின் பற்களை உற்றுப் பார்த்தால் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. எப்படியும் செயின், பல்சக்கரம் இரண்டும் மாற்றியாக வேண்டும்.

நல்ல செய்தி: பழைய ஃபிரேம் என்பதால் அச்சு வெட்டு சாய்வாக நீண்டிருக்கிறது. ஆகவே எப்படியும் செலவு என்று ஆனபிறகு, 3 கியர் ஹப் வைத்துப் பின்சக்கரம் கட்டச் சொல்லிவிட்டேன். என் ஃபிரேமில் திருகி மாட்ட முழுப் பெட்டிக்கு இடமில்லை. ஃபிரேமைத் தொடாமல் செயின் மேலேயே மிதந்து உட்காரும் பிளாஸ்டிக் உறை ஒன்று கிடைத்தது. குறிப்பிட்ட பல் எண்ணிக்கைகளுக்கு மட்டும்தான் அது வருகிறது, அதனால் முன் பல்சக்கரத்தையும் அதற்கேற்ப மாற்றினேன்.

கிரீஸ்கை

ஒன்றும் சொல்லவில்லை. சக்கரம் பூட்டும்போது அச்சைச் சுழலவிடாமல் பிடிக்கும் பல் வைத்த வாஷர் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க அச்சு திரும்பி, கேபிள் இழுபட்டு, அந்த வெற்றிடத்துக்குள் போய் விழுவீர்கள்.

கறுப்புக்கால் (மூன்று மாதம் கழித்து)

புதுத் தகவல். சுமார் 1300 கிலோமீட்டர் ஓடிவிட்டது, அதில் பாதி நாள் மழை. உறையைத் திறந்து பார்த்தேன், கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஈர மண், செயின் சுத்தம். இதுவரை ஒரே ஒரு முறை எண்ணெய் விட்டேன். செயின் ஒரு தடவைகூடக் கழலவில்லை. பாலத்தில் முதல் கியரில் மெதுவாக ஏறுகிறேன், கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, பழகிவிடும். நின்றபடியே கியர் மாற்றுவது உண்மையிலேயே சுகம்.

ஒரே குறை: போன வாரத்திலிருந்து உறைக்குள் கடகடவென்று பிளாஸ்டிக் தட்டுகிற சத்தம். மேடு பள்ளத்தில் அதிகம்.

கிரீஸ்கை

புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் தேய்ந்து உட்காரும், தொய்வு கூடியிருக்கும். இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தை மயிரளவு பின்னால் இழுங்கள். பெடலை ஒரு சுற்று சுற்றி, செயின் எந்த இடத்தில் மிக விறைப்பாக நிற்கிறதோ அங்கே நிறுத்தி, நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். கிண்ணென்று இழுத்துவிடாதீர்கள், பேரிங் போகும். அப்புறம் கேபிளைச் சரிபாருங்கள், சக்கரம் நகர்ந்தால் அதுவும் மாறும்.

கறுப்புக்கால்

செய்தேன், சத்தம் நின்றுவிட்டது. கேபிளையும் அரைச் சுற்று திருக வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. பழைய பேன்ட் நான்கில் அந்தக் கறுப்புப் பல் முத்திரை அப்படியே இருக்கிறது. போக வழி உண்டா?

மூன்றுகியர்

தண்ணீரில் நனைக்கும் முன்பே, உலர்ந்த துணியில், பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கறைமேல் விட்டு விரலால் தேய்த்து அரை மணி நேரம் வையுங்கள். பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். இஸ்திரி போட்ட பழைய கறை என்றால் முழுசாகப் போகாது.

கறுப்புக்கால்

நான்குமே இஸ்திரி போட்டவை.